யாரும் கேட்காத டபுள் கேபின்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொந்தமாக ஒரு பிக்கப் டிரக் கூட இல்லாத நான், கடந்த சில குளிர்காலங்களாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிக்கப் டிரக் கட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் அதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. கேபினுக்கு இரண்டு கதவா நான்கு கதவா, பின்தொட்டி நீளமா குட்டையா, எந்த எஞ்சின், எந்தச் சக்கரம், சீட்டுக்குத் தோலா துணியா என்று ஒவ்வொன்றாக நாம் சொல்லச் சொல்ல, திரையில் வண்டி உருமாறிக்கொண்டே வரும். கடைசியில் விலை வரும். விலை வந்ததும் நான் பக்கத்தை மூடிவிடுவேன். அடுத்த ஞாயிறு வேறு நிறத்தில் ஆரம்பத்திலிருந்து. ஐம்பதைத் தாண்டியவர்கள் கோயில் குளம் என்று போகிறார்கள், சிலர் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு இது வாய்த்தது. "அப்பா வீடியோ கேம் ஆடறாருன்னு பசங்க நெனச்சிட்டிருக்காங்க. அதுவே மரியாதையா இருக்குன்னு நானும் திருத்தல" என்றாள் என் மனைவி.

நான் வசிப்பது கனடாவின் சமவெளியில், பார்வை முட்டுவதற்கு ஒரு குன்றுகூட இல்லாத ஊரில். இங்கே பிக்கப் என்பது வாகனம் அல்ல, ஆண்களின் மேலாடை. பின்தொட்டியில் ஒரு யானைக்குட்டியை ஏற்றலாம். ஏற்றுவதோ ஒரு கேன் பால். பெரும்பாலும் அதுவும் முன்சீட்டில்தான் வரும். வந்த புதிதில் பெட்ரோல் பங்க்கில் நின்று, வரிசையாகக் காலித் தொட்டிகளோடு காப்பி வாங்க வரும் வண்டிகளைப் பார்த்து எனக்குக் கை பரபரக்கும். புதுச்சேரியில் ஒரு மொபெட்டில் மூன்று மூட்டை வெங்காயம், அதன் மேல் வியாபாரி, அவர் மடியில் தராசு என்று பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தக் காலியிடம் ஏதோ ஊதாரித்தனம் போலிருக்கும். பிறகு எப்போது அந்தக் காலியிடத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது என்று தெரியவில்லை. வெளிநாட்டு வாழ்க்கை அப்படித்தான். முதலில் சிரிப்பு வரும், பிறகு பழகும், பிறகு ஒருநாள் அதன் விலையை விசாரித்துக்கொண்டிருப்போம்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். "சேகரு, ஒரு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். நீ வர்றப்ப கூட இருந்து பாத்து எடுத்துக் குடு. ஒனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே." எனக்குத் தெரியும் என்று அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நான்தான் சொல்லியிருப்பேன்.

அக்கா கலாவதி முதலியார்பேட்டையில் வாடகைக் கடை வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பாத்திரம், குத்துவிளக்கு, நாற்காலி, சாமியானா. சாவுக்கு அதே நாற்காலி, அதே சாமியானா, கூடவே ஃப்ரீசர் பெட்டி. பிளக்கைச் சொருகினால் குளிரும். ஆள் படுக்கும் நீளம். மேலே கண்ணாடி மூடி. ஊரில் அதைப் பொட்டி என்று மட்டும் சொன்னால் போதும். இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு மில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் இறந்தது புரட்டாசியில். அன்றைக்கு ஊரில் இருந்த பெட்டிகள் எல்லாம் வேறு வீடுகளில் இருந்தன. நான் வந்து சேரும் வரை அவரை வைத்திருக்க வேண்டுமே என்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து, மீனுக்குப் போடும் ஐஸ் பார்களை இறக்கினார்கள். புரட்டாசி முழுக்க மீன்காரம்மாவைத் தெருமுனையோடு திருப்பி அனுப்பிய மனிதர், கடைசியில் வஞ்சிர மீனுக்கு உரிய மரியாதையோடு கிடந்தார். இரண்டு விமானம் மாறி மூன்றாம் நாள் நான் போய் நின்றபோது ஐஸ் தண்ணீர் வாசற்படி தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அழவில்லை. "வந்துட்டியா. கால பாத்து வை, வழுக்கும்" என்றாள். அடுத்த வருடம் பெட்டி வாங்கிவிட்டாள்.

அதன் பிறகு அவள் கடைக்கு யார் சாவுச் செய்தி சொல்லி வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "யாரு வரணும்?" என்பதுதான். இறந்தது யார் என்று அப்புறம்தான் கேட்பாள். பிள்ளைகள் உள்ளூர் என்றால் பெட்டி சாயங்காலம் திரும்பிவிடும். சென்னை, பெங்களூர் என்றால் மறுநாள். பிரான்ஸ் என்றால் இரண்டு மூன்று நாளைக்கு அந்தப் பெட்டியை மறந்துவிட வேண்டியதுதான். புதுச்சேரியில் தெருவுக்கு நாலு பிரான்ஸ் வீடு. கணக்காகப் பார்த்தால், அந்தப் பெட்டி இறந்தவர்களுக்கானதே அல்ல. எங்களைப் போல ஏர்போர்ட் ஏர்போர்ட்டாக உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. நாங்கள் வந்து சேரும் வரை கெட்டுப்போகாமல் இருக்க ஊர் செய்துகொண்ட ஏற்பாடு.

பெட்டி இருந்தது, அதைக் கொண்டுபோக வண்டி இல்லை. அதுதான் அக்காவின் கஷ்டம். பூ ஏற்றுகிறவன் பெட்டியை ஏற்ற மாட்டான், காய்கறி ஏற்றுகிறவன் மாட்டான், மீன் வண்டிக்காரன்கூட ஒரு மாதிரி பார்ப்பான். ஏற்றிக்கொண்டிருந்த ஒரே ஆளும் இப்போது சொந்தமாகப் பெட்டி வாங்கிப் போட்டியாளராகிவிட்டான். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வந்து காத்திருக்க, பெட்டி வழியில் எங்கோ நின்றது இரண்டு தடவை. அந்தத் தெருக்களில் இனி அக்காவைக் கூப்பிட மாட்டார்கள். சரி, சொந்த வண்டி எடுத்துவிடலாம் என்றால் இன்னொரு பக்கம் இடித்தது. சாவுக்குப் பெட்டி போன வாடகை வண்டியில் வந்த பாத்திரத்தில் கல்யாணச் சமையலா என்று பெண் வீட்டார் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நிச்சயதார்த்தம் அதனாலேயே கைவிட்டுப் போயிற்று. "சாவ மட்டும் நம்பி கட நடத்த முடியாதுடா. கல்யாணமும் வேணும். ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரு வண்டி சொல்லு" என்றாள். இணையதளத்தில் எந்தக் கம்பெனியும் அப்படி ஒரு கட்டத்தை வைத்திருக்கவில்லை.

விஷயம் தெரிந்தவரைக் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுக் கென்னிடம் போனேன். அவரிடம் இரண்டு பிக்கப் உண்டு, ஒன்று மழைக்கு என்றார். என் அக்காவின் தேவையை என் ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒரு உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். உடல் எவ்வளவு எடை வரும் என்று கேட்டார். எழுபது எண்பது கிலோ என்றேன். "சின்ன உருப்படிதான். உன் அக்காவே சுட்டதா?" என்றார். நான் சற்று யோசித்து, இல்லை, பெரும்பாலும் அதுவாகவே இறந்ததுதான் என்றேன். கென்னின் முகம் மாறியது. அதுவாகச் செத்ததை இந்தப் பக்கம் யாரும் சாப்பிடுவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அவர் மான் வேட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்தியிருக்கலாம். ஆனால் குளிர் மைனஸ் இருபது, அவர் வாசலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், என்னிடம் இருந்ததோ சுருக்கமாகச் சொல்ல முடியாத ஒரு நாகரிகம். "எப்படியானாலும் க்ரூ கேப் வாங்கு. நாலு கதவு, அஞ்சு பேர். தொட்டி குட்டையாக இருந்தால் பரவாயில்லை. நண்பர்கள் இல்லாமல் போய் என்ன பிரயோஜனம்" என்றார். அந்த அறிவுரையை இருபத்திரண்டு மணி நேரம் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தேன்.

ஷோரூமுக்கு மூன்று பேராகப் போனோம். நான், அக்கா, அக்காவிடம் நாற்காலி அடுக்கும், இனி வண்டியும் ஓட்டப்போகும் ஆறுமுகம். ஆறுமுகத்துக்கு என் வயதிருக்கும்; என்னை அண்ணே என்று கூப்பிட்டு இளமையைத் தக்கவைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. வெள்ளை வேண்டாம், ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கும் என்றாள் அக்கா. ஆறுமுகத்துக்குப் பாட்டு கேட்கும் வசதி வேண்டும்.

"சாவு வூட்டுக்குப் பாட்டு போட்டுகினு போவியா?" என்றாள் அக்கா.

"போறப்ப இல்லக்கா. வர்றப்ப."

"சார், வண்டி லோடுக்கா, ஃபேமிலிக்கா?" என்று கேட்டார் விற்பனைப் பையன்களிலேயே டை கட்டியிருந்தவர். லோடுக்கு என்று அக்காவும், ரெண்டுக்கும் என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். பிறகு நான் பேச ஆரம்பித்தேன். இத்தனை குளிர்காலத்துக் கல்வியும் ஒருசேர வெளியே வந்தது. வீல்பேஸ், டார்க், க்ரூ கேப். டை கட்டியவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "டபுள் கேபின் கேக்குறீங்க" என்றார். அவர் கண்ணில் ஒரு ஒளி தெரிந்தது. ஷெட்டின் மூலையில், தூசு படிந்து, ஈர மண் நிறத்தில் ஒன்று நின்றது. உடனே எடுத்துக்கொள்ளலாம், காத்திருக்கவே வேண்டாம் என்றார். ஏன் காத்திருக்க வேண்டாம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அதை யாருமே கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

"அஞ்சு சீட்டு என்னாத்துக்குடா? நானும் ஆறுமுகமுந்தான போறோம்" என்றாள் அக்கா.

"நாங்க வந்தா? ஏர்போர்ட்டுக்கு வரலாம், குடும்பத்தோட எங்கியாவது போலாம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்து, சின்னதாக ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்துவிட்டு இறங்கினாள். "சரி, இருக்கட்டும்" என்றாள். தம்பி அவ்வளவு தூரத்திலிருந்து வந்து ஒன்றைக் கேட்கும்போது மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதை நான் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அது இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பெட்டியை அளந்து பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்கலாம். பெட்டி அளப்பதற்கு வீட்டில் இருந்தால்தானே. அது ஒரு சாவிலிருந்து நேராக அடுத்த சாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, வண்டி கடை வாசலுக்கு வந்த வாரக் கடைசியில்தான் பெட்டியும் திரும்பி வந்தது. வந்த கையோடு அடுத்த அழைப்பு. நோணாங்குப்பம் தாண்டி ஒரு வீடு. ஒரு அம்மாள் இறந்துவிட்டார். யாரு வரணும் என்றாள் அக்கா. மகன், பிரான்ஸிலிருந்து என்றார்கள். ஆறுமுகமும் நானும் இன்னும் இருவருமாகப் பெட்டியைத் தூக்கித் தொட்டியில் தள்ளினோம். கேபின் சுவரில் போய் இடித்து நின்றது. பின்னால் பார்த்தால், கதவுக்கு வெளியே முழங்கால் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பி வைத்தோம். பெட்டிக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நீளம்தான் என்பது நிரூபணமாயிற்று. கோணலாக வைத்தோம், மூலையில் மாட்டிக்கொண்டது. அக்கா பின்சீட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். அங்கே மூன்று பேர் சாய்ந்து உட்காரும்படி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், என் அறிவுரை பளபளத்தது.

பின்கதவை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டு, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, நீட்டிக்கொண்டிருந்த முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை. நோணாங்குப்பம் படகுத்துறை வாசலில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் கடலூர் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. தொப்பியும் கூலிங்கிளாசுமாகப் படகுக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் பின்பக்கத்தைப் பார்த்து, பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"உள்ள ஆளு இருக்கா?"

"இல்ல சார், காலிதான்" என்றார் ஆறுமுகம்.

"காலிக்கு என்னாய்யா இவ்ளோ அவசரம்?"

"அங்க ஆளு ரெடியா இருக்காங்க சார்."

போலீஸ்காரர் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். காலியான பின்சீட்டையும் வெளியே நீட்டிய பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எவன்யா இந்த வண்டிய எடுக்கச் சொன்னது?" என்றார். ஆறுமுகம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விசுவாசம் எனக்குப் போதுமானதாக இல்லை.

ஆனால் அன்றைக்கு ஒரு அதிர்ஷ்டம் நடந்தது, அல்லது அப்படித்தான் எனக்குத் தோன்றியது. சாவு வீட்டில் பெட்டியை இறக்கி, அம்மாளை உள்ளே வைத்து, கண்ணாடியைத் துடைக்க அக்கா கொடுத்தனுப்பிய துணியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, வீட்டு மருமகன் ஓடி வந்தார். மறுநாள் விடியலில் சென்னை விமான நிலையத்தில் இறங்கும் மகனையும் அவர் குடும்பத்தையும் அழைத்து வர ஏற்பாடு செய்த கார் வராதாம். "பின்னால சீட்டு இருக்குதே சார், நீங்களே போயிட்டு வந்துட்றீங்களா?" எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டி குட்டைத் தொட்டியில். பெட்டி யாருக்காகக் காத்திருக்கிறதோ அந்த ஆள் பின்சீட்டில். ஒரே வண்டி, ஒரே வாடகை. இது முட்டாள்தனமே அல்ல, தொலைநோக்கு. அக்காவுக்குப் போன் செய்து என் திட்டத்தை விவரித்தேன். பிரான்ஸ் வீடுகள் எல்லாம் இனி நம்மைத்தான் கூப்பிடும் என்றேன். "மொதல்ல போயி கூட்டிகினு வா" என்றாள்.

மகன் கோவிந்தன், நாற்பத்தைந்து வயது இருக்கும், பாரிஸ் புறநகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மனைவியும் மகளும் ஏறியதும் தூங்கிவிட்டார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னிடம் விசாரித்தார். நான் கனடா என்றேன். அங்கே பிரெஞ்சு பேசுவார்களே என்றார். நான் இருக்கும் பக்கம் பேச மாட்டார்கள் என்றேன். "அப்பறம் என்னாத்துக்கு அங்க போனீங்க?" என்றார், நிஜமான அக்கறையோடு. மரக்காணம் உப்பளங்கள் வந்தபோது அவர் குரல் இறங்கியது. "கண்ணாடி மேல தண்ணி கோத்துக்குமாமே. மூஞ்சி தெரியாதாமே." அக்கா அதற்காகத் துணி கொடுத்திருக்கிறாள், துடைத்துக்கொண்டே இருப்பார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். "மெர்சி" என்றார். யாரிடம் எந்த மொழியில் பேசுகிறோம் என்ற நினைவில்லாமல் வந்த பிரெஞ்சு நன்றி. ஊர் வரும் வரை ஆறுமுகம் பாட்டுப் போடவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. கோவிந்தன் இறங்கி உள்ளே ஓடினார். அழுகைச் சத்தம் எழுந்தது. எல்லாம் அதன் போக்கில் நடந்துகொண்டிருக்க, சாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்த அவருடைய அத்தை எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். பெட்டியிலிருந்து அவிழ்த்துத் தொட்டியில் போட்டிருந்த சிவப்புத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நேத்து பொட்டி எறக்குன வண்டிதான இது?"

"ஆமாங்க" என்றேன், பெருமை குறையாமல்.

"பொட்டி வந்த வண்டியிலயே புள்ளையவும் பேத்தியவும் ஏத்திகினு வந்தியா? ஒனக்கு அறிவு இருக்குதா? நீ எந்த ஊருய்யா?"

முதலியார்பேட்டை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் அது உண்மையாகத் தோன்றவில்லை. நானும்தான் அந்த வண்டியில் வந்திருக்கிறேன், ஆறுமுகம் இனி தினமும் வரப்போகிறார் என்றெல்லாம் வாதாடியிருக்கலாம். ஆனால் அத்தை சொன்னது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சாவுக்குப் போனது சாவோடு போக வேண்டும், பிள்ளை வேறு வழியில் வர வேண்டும். தெரியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான்; மறந்தவனுக்கு அந்த வசதியும் இல்லை. அத்தை அங்கேயே சத்தம் போட்டு, அந்தத் தெரு முழுக்க, அக்கம்பக்கத்து பிரான்ஸ் வீடுகள் உட்பட, என் தொலைநோக்கை அறியச் செய்தார். மறுநாள் அக்கா நேரில் போய்ப் பேசிச் சமாதானம் செய்தாள். எனக்கு இட்லி வைக்கும்போது கூடுதலாக ஒன்று வைத்தாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம். லீவு முடிந்து நான் கிளம்பியபோது, ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தாள்.

இங்கே திரும்பி வந்த பிறகு நான் அந்த இணையதளப் பக்கங்களைத் திறக்கவில்லை. கென் ஒருநாள் வேலியோரம் நின்று, உன் அக்காவுக்கு வேட்டை எப்படி என்று கேட்டார். இந்த வருடம் சுமார்தான் என்றேன். உள்ளுக்குள் பயம் இருந்தது. ஊரில் இருக்கும் ஒரே உடன்பிறப்பின் பிழைப்பை, ஐந்து பேர் உட்காரும் வசதியோடு கெடுத்துவிட்டு வந்திருக்கிறோமா என்று. கேட்கத் தைரியம் இல்லாமல் சில மாதம் ஓடியது. பொங்கலுக்கு வீடியோவில் பேசும்போது கேட்டுவிட்டேன்.

"வண்டியா? சூப்பரா ஓடுது" என்றாள் அக்கா. போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். தொட்டியின் பின்பக்கம் வெல்டிங் வைத்து இரும்புச் சட்டம் நீட்டியிருந்தார்கள். பெட்டி அதில் முழுசாகப் படுத்திருந்தது. பின்சீட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே என் சீட்டு இல்லை. அது இருந்த இடத்தில் அண்டாக்களும் குத்துவிளக்குகளும் துணி சுற்றி அழகாக அடுக்கியிருந்தன. "கல்யாணச் சாமான் உள்ள. கண்ணாடிய ஏத்திவுட்டுப் பூட்டிக்கிறது. சாவுச் சாமான் வெளிய. நடுவுல ஒரு செவுரு இருக்குதில்ல? பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு அது போதும். டபுள் கேபினு இருக்கறதாலதான்டா முடியுது. தை மாசம் முழுக்க ஆர்டரு." என் தேர்வு சரியாகத்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் அதில் இடமில்லை என்பது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சீட்டு எங்கே என்றேன். கடையின் பின்பக்க ஷெட்டில், அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே, தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தாள். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், நாலு போல்ட்டுதான் என்றாள்.

"அப்ப நான் வந்தா எங்கக்கா ஒக்கார்றது? உள்ளயா, வெளியயா?" என்றேன், சிரித்துக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. வண்டிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியபடி சொன்னாள்:

"நீ கல்யாணத்துக்கு வர்றியா, சாவுக்கு வர்றியா, மொதல்ல அத சொல்லு."